சக்கரத்தின் கனம்

காஞ்சீபுரத்திலிருந்து சென்னை செல்லும் மார்க்கத்தில், இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறக்கப்பட்ட மோட்டார் பந்தயப் பாதை இருக்கிறது. அங்கே வண்டி ஓட்டும் வாலிபர் சிலருக்குத் தொழிற்சாலை பூட்டிக்கொடுத்த அலுமினிய வார்ப்புச் சக்கரம் பிடிப்பதில்லை; லேசான சக்கரம் வாங்கி மாட்டுகிறார்கள்.

அதில் நியாயம் உண்டு. வண்டியின் உடற்கனத்தைத் தள்ளினால் போதும். சக்கர விளிம்பின் கனத்தையோ சுழற்றவும் வேண்டும். விளிம்பில் ஒரு கிலோ குறைவது, வேகமெடுக்கையில் உடலில் ஏறக்குறைய இரண்டு கிலோ குறைவதற்குச் சமானம்.

சூடேற்றிப் பேரழுத்தத்தில் அமுக்கி உருவாக்கிய சக்கரம் இளைத்தாலும் உறுதி குன்றாது. விலைதான் மயக்கம் தரும்! மலிவுச் சரக்கோ வார்ப்பையே மெலியச் செய்தது. பந்தயப் பாதையில் குழி இல்லை. வீடு திரும்பும் சாலையில் உண்டே! விளிம்பு அங்கேதான் பிளக்கும்.

ஜரிகையைச் சுரண்டிப் பார்த்துப் புடவை வாங்கும் நேயர்கள், பிள்ளையாண்டான் கொண்டுவரும் சக்கரத்தில் தாங்கும் பளு பொறித்திருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையேல், கழற்றிய வார்ப்பையே திரும்பப் பூட்டச் சொல்லுங்கள்.