பழைய வைரஸ் மேல் பழி போடுவது சரியா?

புற்றுக்கட்டிக்குள் பழங்கால வைரஸ் விழித்திருக்கிறது என்று ஒரு ஆய்வு சொன்னால் போதும், "புற்றுநோயைத் தருவதே அந்த வைரஸ்தான்" என்று செய்தி ஆக்கிவிடுகிறார்கள். படிக்கிற நோயாளியின் வயிற்றில் புளியைக் கரைக்கிற வேலை இது.

உண்மை என்ன? மனித டி.என்.ஏ.வில் சுமார் 8 சதவீதம் ரெட்ரோவைரஸ்களின் மிச்சம்தான். மூதாதையரின் கருவணுக்களில் என்றோ புகுந்து, பரம்பரைச் சொத்தாக வந்தவை. பெரும்பாலானவை சிதைந்துவிட்டன. முழு வைரஸாகக் கிளம்பித் தொற்றக்கூடியது ஒன்றுகூட மனிதரிடம் இதுவரை அகப்படவில்லை.

விழித்திருப்பதே குற்றம் என்றால் முதலில் நஞ்சுக்கொடியைத்தான் கூண்டில் ஏற்ற வேண்டும்! அங்கே செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் சின்சிட்டின் என்ற புரதம் பழைய வைரஸ் மரபணு தந்தது. 2000-ஆம் ஆண்டிலேயே இது வெளியானது.

சாதாரண செல்லில் மெத்தில் என்ற வேதிக்குறிகள் இந்த வைரஸ் பகுதிகளைப் பூட்டி வைக்கின்றன. புற்றுச்செல்லில் பல பூட்டுகள் கழன்றுவிடுகின்றன. மெலனோமாவிலும் விரைப் புற்றிலும் ஹெர்வ்-கே என்ற வைரஸ் குடும்பம் பேச ஆரம்பிக்கிறது. வீடு இடிந்தபின் வெளியே ஓடிவந்த எலியைப் பார்த்து, வீட்டை இடித்ததே இந்த எலிதான் என்றால் எப்படி?

எல்லா எலியும் அப்பாவி என்று சொல்லவில்லை. ஹாட்ஜ்கின் லிம்போமாவில் இப்படிப்பட்ட ஒரு பழைய துண்டு, வளர்ச்சி தூண்டும் மரபணு ஒன்றின் சுவிட்சைப் போட்டுவிடுவதை 2010-இல் காட்டினார்கள். எந்தத் துண்டு, எந்த மரபணு, என்ன செய்தது என்று காட்டினார்கள். அது ஆதாரம். கட்டியில் இருந்தது என்பது மட்டும் ஆதாரமல்ல.

அவசரத்தின் விலையை எக்ஸ்.எம்.ஆர்.வி. விவகாரத்தில் பார்த்தாயிற்று. 2006-இல் புராஸ்டேட் புற்றோடும், 2009-இல் தீராக் களைப்பு நோயோடும் அதைக் கோர்த்தார்கள். சில நோயாளிகள் எச்.ஐ.வி. மருந்தையே விழுங்கத் தொடங்கினார்கள். கடைசியில் பார்த்தால், மனிதக் கட்டியை எலிக்குள் வைத்து வளர்த்தபோது எலியின் பழைய வைரஸ் துண்டுகள் இரண்டு சேர்ந்து உருவான ஆய்வகக் கலப்படம் அது! 2009 கட்டுரை 2011-லும், 2006 கட்டுரை 2012-லும் திரும்பப் பெறப்பட்டன. விழுங்கிய மருந்தை யார் திரும்பப் பெறுவது?

இன்னொரு கூத்து. பூட்டைத் திறக்கும் மருந்தைக் கொடுத்தால் புற்றுச்செல்லுக்குள் வைரஸ் ஆர்.என்.ஏ. பெருகி, செல்லே வைரஸ் அபாய மணியை அடிக்கிறது என்று 2015-இல் இரண்டு குழுக்கள் காட்டின. 2023-இல் லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிலையத்தார், நுரையீரல் புற்றில் இந்தப் பழைய வைரஸின் உறைப்புரதத்தை அடையாளம் வைத்தே எதிர்ப்புப் புரதங்கள் கட்டியைத் தாக்குவதைக் கண்டார்கள். குற்றவாளி என்று தலைப்பு போட்டவர்கள், இங்கே போலீசுக்குத் துப்பு கொடுத்த ஆளையே பிடித்து உள்ளே தள்ளியிருக்கிறார்கள்.