நானோ ஜிங்க் பாட்டிலும் நெல் தரிசு உளுந்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இணைப் பொருளையும் எடுத்தால்தான் யூரியா மூட்டை என்று உரக்கடையில் சொல்வது காவிரி டெல்டாவில் எங்களுக்குப் பழகிப்போன அநியாயம். மூட்டைக்கு அரசு வைத்த விலை 266 ரூபாய் 50 காசு. அதன் தலையில் நுண்ணூட்டப் பையோ நானோ யூரியாவோ ஏறும். இந்தச் சம்பாவுக்கு எங்கள் பகுதிக் கடை ஒன்றில் நானோ ஜிங்க் பாட்டிலைக் கையில் திணித்தார்கள். போன காசுக்காக இதை எழுதவில்லை. இது மண்ணை என்ன செய்யும் என்று கேட்டதற்கு, "அடிச்சுப் பாருங்க, பயிர் கருகருன்னு வரும்" என்றார் கடைக்காரர். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரிந்து சொல்ல வேண்டியவர்கள் வாயே திறக்கவில்லை.

எங்கள் வயல்களில் துத்தநாகப் (ஜிங்க்) பற்றாக்குறை இருப்பது உண்மை. எக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை 50 கிலோ மணலில் கலந்து தூவச் சொல்வதுதான் இதுவரை பரிந்துரை. அதற்குப் பதில் தெளிப்பான் டேங்குக்குச் சில மில்லி போதும் என்றால் யாருக்குக் கசக்கும்? ஆனால் டெல்டாவில் நெல்லோடு ஆண்டு முடிவதில்லை. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்தைத் தெளித்துவிடுகிறோம். அடியுரம் கிடையாது, பாய்ச்சலும் கிடையாது. பனி ஈரமும் வேர் முடிச்சும்தான் அந்தப் பயிரைக் காப்பாற்றுகின்றன. முப்பது நாள் செடியைப் பிடுங்கி ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தை அது பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

உலோக ஆக்சைடு நானோ நுண்துகள்களைப் பற்றிய கவலை சரியாக இந்த முடிச்சில்தான் வந்து நிற்கிறது. 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், நுண்துகள் கலந்த மண்ணில் சோயா வளர்த்துப் பார்த்தார்கள். துத்தநாக ஆக்சைடு கலந்த மண்ணில் செடி நன்றாகவே வளர்ந்தது. துத்தநாகம் இலைக்கும் விதைக்கும் ஏறியது. சீரியம் ஆக்சைடு கலந்த மண்ணில் விளைச்சல் குறைந்தது. அளவு கூடியபோது முடிச்சுகளின் வேலை ஏறக்குறைய நின்றேபோனது. கிலோ மண்ணுக்கு 1 கிராம் வரை கலந்த சோதனை அது. அவ்வளவு எந்த விவசாயியும் போடப்போவதில்லை. சீரியம் நமக்கு உரமும் இல்லை. ஆனாலும் பயிர் ஒன்றாக இருந்தும் இரண்டு ஆக்சைடுகள் இரண்டு விதமாக நடந்துகொண்டன. ஒன்றுக்குக் கொடுத்த நற்சான்றை இன்னொன்றுக்கு நீட்ட முடியாது. மண்ணுக்கும் இது பொருந்தும். துத்தநாக ஆக்சைடு அமில மண்ணில் சீக்கிரம் கரையும், களர் மண்ணில் மெதுவாகத்தான் கரையும். எங்கோ செம்மண்ணில் பார்த்த முடிவு எங்கள் திருத்துறைப்பூண்டி மண்ணுக்கு எப்படிப் பொருந்தும்?

இன்னொன்று. பூச்சிமருந்து நாளடைவில் சிதைந்து போகலாம், உலோகம் சிதையாது. திராட்சைத் தோட்டங்களில் நூறு ஆண்டுக்கு மேல் தாமிரம் கலந்த போர்டோ கலவை அடித்த ஐரோப்பாவில் தாமிரம் மண்ணில் தேங்கிவிட்டது. இப்போது அங்கே 7 ஆண்டுகளில் எக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் தாமிரம் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இங்கே 2024-இல் நானோ துத்தநாகத்தோடு நானோ தாமிரத்துக்கும் சேர்த்து மத்திய அரசு மூன்று ஆண்டு அனுமதி கொடுத்திருக்கிறது. ஒரு பாட்டிலில் உள்ள தாமிரம் சொற்பம்தான், மறுக்கவில்லை. போகம் தவறாமல் தெளித்தால் பத்து ஆண்டில் மண்ணில் எவ்வளவு சேரும், மண்புழுவும் நுண்ணுயிரும் என்ன ஆகும் என்ற கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

நானோ யூரியா உலோகம் அல்ல. ஆனால் முதலில் விற்பனை, பிறகு பல்கலைக்கழகச் சோதனையின் முடிவு என்ற நிலையை அதிலும் பார்த்தோம். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் நடத்திய இரண்டு ஆண்டு வயல் சோதனையின் முடிவு, அது சந்தைக்கு வந்த பிறகே வெளியானது. வழக்கமான தழைச்சத்து அளவைக் குறைத்து நானோ யூரியா தெளித்ததில் கோதுமை 21.6 சதவீதமும் நெல் 13 சதவீதமும் குறைந்ததாக அந்தப் பல்கலைக்கழகம் சொன்னது. அதற்குள் வாங்கித் தெளித்துவிட்டவர்களுக்கு யார் ஈடு கொடுத்தார்கள்?

ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வம்பனில் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, சம்பாவில் நானோ ஜிங்க், நானோ தாமிரம் அடித்த வயலிலும் அடிக்காத வயலிலும் அடுத்து வரும் உளுந்தின் முடிச்சை எண்ணிப் பார்க்கட்டும். 2027-இல் அனுமதியைப் புதுப்பிக்கும் முன் அந்த முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும். பாட்டிலில் இருப்பது ஆக்சைடா வேறு சேர்மமா, துகளின் பருமன் என்ன, மேல்பூச்சு எது என்பதைப் படிக்கும் அளவு எழுத்தில் அச்சிட வேண்டும். அதுவரை எந்த நானோ பாட்டிலையும் யூரியாவோடு கட்டி விற்கக் கூடாது என்று டெல்டா மாவட்ட ஆட்சியர்கள் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
திருவாரூர் மாவட்டம்.