வேஷத்திலும் பொய் கூடாது!

ஆங்கிலப் படங்களில் கௌபாய் வீரர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நூறு மைல் குதிரையில் பாய்ந்து வருவார்கள். சட்டை கசங்காது, முகத்தில் புழுதி ஒட்டாது! 'இப்படியும் ஒரு மாட்டுக்காரன் உண்டா?' என்று உங்களுக்குத் தோன்றியதுண்டா? நூறு வருஷங்களுக்கு முன்பே அப்படித் தோன்றிய ஒரு மனிதர் இருந்தார். பெயர் வில்லியம் எஸ். ஹார்ட்.

1864-ல் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தவர். ஆனால் சிறு பிராயத்தில் அமெரிக்காவின் மேற்குச் சமவெளியில் வளர்ந்து, அந்த மண்ணையும் மனிதர்களையும் நேரில் கண்டவர். பிறகு நாடக மேடை ஏறினார். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தார். 1899-ல் 'பென்ஹர்' கதை முதன்முதலாக மேடைக்கு வந்தபோது, வில்லன் மெஸ்ஸாலா இவர்தான்!

நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றும்போது ஒரு நாள் கௌபாய் படம் ஒன்றைப் பார்த்தார். எல்லாம் ஒரே புளுகு! மனிதருக்குப் பொறுக்கவில்லை. உண்மையை நாமே காட்டினால் என்ன என்று எண்ணினார். 1914-ல் கலிபோர்னியாவில் படமெடுத்துக் கொண்டிருந்த பழைய நண்பர் தாமஸ் இன்ஸிடம் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது என்ன தெரியுமா? ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தது!

சிரிக்காத நீண்ட முகம், கசங்கிய உடை, பாலைவனப் புழுதி, 'ஃபிரிட்ஸ்' என்ற புள்ளிக் குதிரை: இவ்வளவுதான் அவருடைய ஆடம்பரம். முரடனாக வந்து, ஒரு பெண்ணின் நல்ல உள்ளத்தால் மனம் திருந்துவார். 1916-ல் வந்த 'ஹெல்ஸ் ஹிஞ்சஸ்' படத்தில் பாவம் நிறைந்த ஊரையே கொளுத்திவிடுவார்! ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

பிறகு காற்று திரும்பியது. டாம் மிக்ஸ் என்பவர் பளபளக்கும் உடையிலே, குதிரை மேல் வித்தை காட்டி ஜனங்களை மயக்கினார். ஹார்ட்டும் கொஞ்சம் ஜிகினா ஒட்டிக்கொண்டிருக்கலாம். மாட்டேன் என்றார். 1925-ல் 'டம்பிள்வீட்ஸ்' எடுத்தார். 1893-ல் ஓக்லஹோமாவில் நிலம் பிடிக்க ஜனங்கள் குதிரையிலும் வண்டியிலும் முண்டியடித்து ஓடிய கதை. அதுவே அவருடைய கடைசிப் படம்.

1939-ல் அந்த ஊமைப் படத்தை மறுபடி வெளியிட்டபோது, முன்னுரையாக ஹார்ட் தோன்றிப் பேசினார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. குதிரை ஏறிய நாட்களையும் மறைந்துபோன ஃபிரிட்ஸையும் நினைத்துக் குரல் தழுதழுக்க, ரசிகர்களிடம் விடைபெற்றுக்கொண்டார். திரையில் அவர் குரலை ஜனங்கள் கேட்டது அப்போதுதான்.

1946-ல் காலமானார். நியூஹால் என்ற ஊரில் குன்றின்மேல் கட்டியிருந்த வீட்டையும் பண்ணையையும் பொது மக்களுக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். காலணா, அரையணா என்று ஜனங்கள் கொடுத்த காசில் வந்த வீடு; அது அவர்களுக்கே போக வேண்டும் என்பது அவர் எண்ணம். பிற்பாடு அது பூங்காவாகவும் காட்சிசாலையாகவும் ஆயிற்று. ஃபிரிட்ஸின் சமாதியும் அங்கேதான் இருக்கிறது.

ஜிகினாவை மறுத்ததனால் அவருக்குப் பட வாய்ப்புப் போயிற்று. ஆனால் பொய் சொல்லாத மனிதர் என்ற பெயர் போகவில்லை. எது பெரிது? நீங்களே சொல்லுங்கள்!