நாற்று முத்துறதுக்குள்ள ஒரு பயணம்

ஏப்ரல் பொறந்தாச்சு. நவரை நெல்லு கதிர் சாஞ்சு நிக்குது. போன வாரம் டீக்கடையில ஊர்ப் பெரியவர் ஒருத்தர் கேட்டார்: "ஏம்ப்பா, இந்த வருஷமும் புள்ளைங்கள இட்டுக்கினு ஊர் சுத்தப் போறியா? கழனியை யாரு பாக்கறது?" கேலியாத்தான் கேட்டார். அவர் மேல கோபம் இல்ல. பத்து வருஷத்துக்கு முன்னாடி நானும் இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

ஆனா இப்போ என் கருத்து வேற. விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கும் கோடையில ஒரு பயணம் வேணும். நாலு நாள் முடியலன்னா ரெண்டு நாள், அதுவும் முடியலன்னா ஒரு நாள். தள்ளிப் போடாம இந்த வருஷமே போகணும். ஏன்னு சொல்றேன்.

நாற்று கணக்கு நமக்கெல்லாம் தெரியும். குறுகிய கால ரகம்னா 18-லிருந்து 22 நாளுக்குள்ள பிடுங்கி நட்டுடணும். ஆள் கிடைக்கல, தண்ணி வரலன்னு நாள் கடந்து போனா, அப்புறம் எவ்வளவு உரம் போட்டாலும் தூர் கட்டாது. பிள்ளைகளோட வெளிய போறதும் அப்படித்தான். "வா"ன்னு சொன்னா செருப்பு கூடப் போடாம வண்டியில ஏறி உக்கார்ற வயசு கொஞ்ச நாள்தான் இருக்கு.

என் மகள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். நடந்ததெல்லாம் நினைவுல நிக்கிற வயசு ஆறுன்னு வெச்சுக்கிட்டா, 2015-லிருந்து 2025 வரைக்கும் 11 கோடை. அதுல 2020, 2021 ரெண்டும் கொரோனாவுல போச்சு. மிச்சம் 9. ஒரு வருஷம் போர்வெல் போட்டோம், கையில காசு இல்ல. ஒரு வருஷம் தங்கச்சி கல்யாணம். இன்னொரு வருஷம் மாடு கன்னு போடுற நேரம். மத்ததெல்லாம் "அடுத்த வருஷம் பாக்கலாம்". கடைசியில நாங்க போனது 4 தடவை. பதினோரு கோடையில நாலு. இதைக் கூட்டிப் பார்த்த அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

எங்க அப்பா என்னை ஒரே ஒரு தடவைதான் வெளியூர் கூட்டிக்கிட்டுப் போனார். மாமல்லபுரம். பஸ்ல போய், கடற்கரையில உக்காந்து, அம்மா கட்டிக் குடுத்த புளிசோறு தின்னோம். அர்ஜுனன் தபசு, ஐந்து ரதம் எல்லாம் பார்த்திருப்போம். எனக்கு அது ஞாபகம் இல்ல. அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அலையில நின்னு சிரிச்சதுதான் ஞாபகம் இருக்கு. கழனியில அவர் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. அவர் இப்போ இல்ல. நிலம், கிணறு எல்லாம் விட்டுட்டுப் போனார். ஆனா அவரை நினைச்சா எனக்கு முதல்ல வர்றது அந்த அலைதான்.

சரி, நேரத்துக்கு எங்க போறது? நம்ம பக்கம் நவரை அறுவடை முடிஞ்சு, சொர்ணவாரிக்கு நாற்று விடறதுக்குள்ள கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். தண்ணி இருக்கறவங்களுக்கு ஒரு வாரம், இல்லாதவங்களுக்கு அதைவிட அதிகம். அந்த இடைவெளியில மாடுதான் பெரிய பிரச்சனை. நெல்லு நாலு நாள் காத்திருக்கும், மடி காத்திருக்காது. நான் என் பெரியப்பா மகன்கிட்ட ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். நாங்க போனா அண்ணன் வந்து என் மாட்டைக் கறப்பார். அவர் போனா நான் அவர் மாட்டைக் கறப்பேன். கூலி கிடையாது, கணக்கு கிடையாது. இந்த ஏற்பாடு இல்லன்னா எங்க பயணமே கிடையாது.

போன வருஷம் மே மாசம் பழைய ஆம்னி வண்டியில நாலு நாள் போனோம். உத்திரமேரூர்ல விடிகாலை நாலரைக்குக் கிளம்பி, மதுராந்தகம், திண்டிவனம், விக்கிரவாண்டி, பண்ருட்டி வழியா வடலூர். சுமார் 150 கிலோமீட்டர். மகளுக்கு 16 வயசு. காதுல இயர்போனை மாட்டிக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டா. பையனுக்கு 12. பண்ருட்டியில ரோட்டோரமா பலாப்பழம் மலை மாதிரி குவிச்சிருந்ததைப் பார்த்ததும் அவனுக்குத் தூக்கம் கலைஞ்சுடுச்சு.

வடலூர்ல வள்ளலார் ஏத்தின அடுப்பு 1867-லிருந்து இன்னிவரைக்கும் அணையாம எரியுது. தரும சாலையில வர்றவங்களுக்கெல்லாம் சாப்பாடு. நாங்களும் பந்தியில உக்காந்தோம். என் பையன் கேட்டான்: "அப்பா, இவ்ளோ பேருக்கு அரிசி யாருடா குடுக்கறாங்க?" பேச்சு வேகத்துல என்னையே "டா" போட்டுட்டான். பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. ஜனங்கதான் குடுக்கறாங்க, நம்மள மாதிரி நெல்லு போடறவங்களும் மூட்டை மூட்டையா கொண்டாந்து குடுப்பாங்கன்னு சொன்னேன். அவன் ஒண்ணும் பேசல. சாப்பிட்டு முடிச்சுட்டு இலையில ஒரு பருக்கை இருக்கான்னு பார்த்தான்.

அங்கிருந்து சேத்தியாத்தோப்பு, வீராணம் ஏரிக்கரை. இங்கதான் நான் ஒரு விஷயம் சொல்லணும்னு நினைச்சிருந்தேன். நம்ம ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல இருக்கிற குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ பள்ளிக்கூடப் பிள்ளைங்க பஸ் வெச்சு வர்றாங்க. நம்ம பிள்ளைங்க தினம் அந்தக் கோயிலைத் தாண்டி சைக்கிள்ல போறாங்க, திரும்பிக்கூடப் பாக்கறது இல்ல. அந்தக் கல்வெட்டு 919, 921-ஆம் ஆண்டுகள்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துல வெட்டினது. ஊரை 30 குடும்பா பிரிச்சு, ஓலையில பேர் எழுதிக் குடத்துல போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி ஆளைத் தேர்ந்தெடுத்தாங்க. அப்படி அமைஞ்ச வாரியங்கள்ல ஒண்ணு ஏரி வாரியம். அந்தப் பராந்தகனோட பட்டப்பேர்தான் வீரநாராயணன். அவன் பேர்ல வந்த வீரநாராயண ஏரிதான் இன்னிக்கு வீராணம். சென்னைக்குக் குழாய்ல குடிதண்ணி போற அதே ஏரி.

இதைக் கரைமேல நின்னு சொன்னப்போ மகள் இயர்போனைக் கழட்டினா. "அப்போ நம்ம ஊர் ஏரியை யார் வெட்டினது?"ன்னு கேட்டா. அது இன்னும் பழசு, பல்லவர் காலம், வைரமேகத் தடாகம்னு பேர்னு சொன்னேன். "இத ஏன் நம்ம ஊர்லயே சொல்லல?"ன்னா. நல்ல கேள்வி. சொல்லியிருப்பேன், அவ கேட்டிருக்க மாட்டா. இல்லன்னா நான் எப்பவும் போல மோட்டார் போட ஓடிக்கிட்டு இருந்திருப்பேன். வீட்டுல இருந்தா நான் விவசாயி, அவ மாணவி. கரைமேல நின்னப்போதான் அப்பனும் மகளும் ஆனோம்.

அப்புறம் அணைக்கரை. 1836-ல ஆர்தர் காட்டன் கட்டின கீழணை. மே மாசம், கொள்ளிடத்துல மணல்தான் அதிகம் தெரிஞ்சது. பையன் "காவிரின்னா இதானா?"ன்னு ஏமாந்து போனான். மேட்டூர்ல வழக்கமா ஜூன் 12-ல தண்ணி திறப்பாங்க, அதுக்கப்புறம் வந்து பாருன்னு சொன்னேன். டெல்டா விவசாயி ஒரு தேதிக்காகக் காத்திருக்கான், நம்ம ஏரிப் பாசனக்காரன் ஐப்பசி மழைக்குக் காத்திருக்கான்னு அன்னிக்கு அவனுக்குப் புரிஞ்சது. தஞ்சாவூர் பெரிய கோயில், கல்லணை எல்லாம் பார்த்தோம். அதெல்லாம் எல்லாரும் எழுதிட்டாங்க, நான் எழுதல.

நாலு பயணத்துல நான் பண்ணின தப்புகளையும் சொல்லணும். முதல் தடவை ஒரே நாள்ல எட்டுக் கோயில்னு பட்டியல் போட்டேன். பிள்ளைங்களுக்கு ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. மதிய வெயில்ல கல்தரையில ஓடினதுல கால் சுட்டது மட்டும் ஞாபகம் இருக்கு. இப்போ ஒரு நாளைக்கு ரெண்டு இடம்தான். பகல் 11-லிருந்து 4 வரைக்கும் மரத்தடி இல்லன்னா ரூம்.

ரெண்டாவது தடவை செலவு மிச்சம்னு ஸ்டவ், பாத்திரம் எல்லாம் வண்டியில ஏத்தினேன். எங்க வீட்டம்மா அங்கேயும் சமைச்சா, அங்கேயும் பாத்திரம் தேச்சா. வீடு திரும்பினதும், "உங்களுக்குத்தாங்க லீவு, எனக்கு அடுப்பு மட்டும்தான் மாறிச்சு"ன்னு சொன்னா. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அதுக்கப்புறம் முதல் வேளைக்கு மட்டும்தான் கட்டுச்சோறு. போனைத் தொடக்கூடாதுன்னு சட்டம் போட்டதும் தப்பு. முதல்ல அதை மீறினது நான்தான், நெல்லு விலை கேட்டு வியாபாரிக்குப் போன் பண்ணினேன்.

"அந்தக் காசுக்குக் கோடை டியூஷன் சேர்த்திருக்கலாமே"ன்னு சொல்றவங்க இருக்காங்க. டியூஷன் வேணாம்னு நான் சொல்லல, என் மகளும் போறா. ஆனா டியூஷனை அடுத்த மாசம்கூடச் சேரலாம். பன்னிரண்டு வயசுப் பையனை அடுத்த வருஷம் பன்னிரண்டு வயசுலயே பார்க்க முடியாது.

வண்டி இல்லாதவங்க, கூலிக்குப் போறவங்க என்ன பண்றது? நியாயமான கேள்வி. நாலு நாள் வேலையை விட்டா அவங்க அடுப்பு எரியாது. அவங்களுக்கு ஊர் ஊரா போன்னு சொல்ற தகுதி எனக்கு இல்ல. ஆனா ஒரு ஞாயித்துக்கிழமை போதும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அம்மாவும் பொண்ணும் காசில்லாம கொஞ்ச தூரம் போய் வரலாம். காஞ்சிபுரம் இருக்கு. வேடந்தாங்கல் பக்கத்துலயே இருக்கு. கோடையில பறவை குறைவு, அதுக்கு மார்கழி, தை நல்லது. அந்த ஏரிப் பறவைகளை நம்ம ஜனங்கதான் தலைமுறை தலைமுறையா வேட்டைக்காரங்ககிட்டேருந்து காப்பாத்தினாங்க, எச்சம் விழுந்த தண்ணி பயிருக்கு நல்ல உரம்னு தெரிஞ்சு காப்பாத்தினாங்க. இதைப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு டீச்சர் வேணாம், நீங்களே போதும்.

கடைசி நாள் விழுப்புரம் வழியா செஞ்சி வந்தோம். தொல்லியல் துறை இடங்கள்ல 15 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்களுக்கு டிக்கெட் வேணாம். முன்னாடி அங்க போனப்போ ரெண்டு டிக்கெட்தான் எடுத்தேன், எனக்கும் வீட்டம்மாவுக்கும். இந்தத் தடவை கவுன்ட்டர்ல மகள் வயசைக் கேட்டாங்க. "பதினாறு"ன்னு அவளே சொன்னா. மூணு டிக்கெட் எடுத்தேன். சின்ன காசுதான். ஆனா அதை வாங்கும்போது தொண்டை அடைச்சது. கோட்டைக்குள்ள பெரிய நெற்களஞ்சியம் இருக்கு. பையன் அதுல எத்தனை மூட்டை கொள்ளும்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தான். நான் டிக்கெட்டை மடிச்சு பையில வெச்சுக்கிட்டு நின்னேன். ரெண்டு மாசம் கழிச்சு, ஜூலை 2025-ல, செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்ததுன்னு செய்தி வந்தப்போ, மகள்தான் ஓடிவந்து காட்டினா. "நம்ம போன எடம்பா!"

இந்த வருஷம் அவ வரல. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிஞ்சது, இப்போ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறா. அடுத்த கோடையில எந்த ஊர் ஹாஸ்டல்ல இருப்பாளோ தெரியல. நாங்க மூணு பேர் மட்டும் ரெண்டு நாள் போறோம்.

செப்டம்பர்ல சொர்ணவாரி அறுத்துக் களத்துல நெல்லைக் கொட்டினப்போ பையன் வந்து, "அப்பா, வடலூருக்கு ஒரு மூட்டை எடுத்து வெச்சியா?"ன்னு கேட்டான். நான் மறந்தே போயிருந்தேன். அரைச்சு ஒரு மூட்டை அரிசி அனுப்பினோம். இனிமே வருஷா வருஷம் அனுப்பணும்னு அவனே சொல்லிட்டான். அந்த நாலு நாளுக்கு ஆன செலவை நான் கணக்கு நோட்டுல எழுதி வெச்சிருந்தேன். அன்னிக்கு அந்தப் பக்கத்தை அடிச்சுட்டேன்.

அதனால இந்த மாசமே ஒரு தேதியைக் குறிச்சு வைங்க. மாட்டுக்கு ஆள் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. பக்கத்து ஊர்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, நானே வந்து கறந்து தர்றேன். உதைக்கிற மாடுன்னா மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க.