தவறி வந்த பணம்

பிறர் பொருளைக் கை நீட்டி எடுப்பவனைக் கள்வன் என்று சொல்ல நாம் தயங்குவதில்லை. ஆனால் பிறர் பொருள் தானே வந்து ஒருவன் மடியில் விழ, அவன் அதை மூடி வைத்துக்கொண்டு வாய் திறவாதிருந்தால், அவனுக்கு என்ன பெயர் சூட்டுவது? இக்கேள்வி எழும்போது நம்மவரில் பலர் சிரித்து மழுப்பி விடுகிறார்கள். "தப்புச் செய்தது பாங்கி, நான் என்ன செய்தேன்?" என்பது ஒரு வாதம். "கேட்டால் கொடுத்து விடுகிறேன், கேளாவிட்டால் எனக்கென்ன?" என்பது மற்றொரு வாதம். "இத்தனை காலம் நம்மிடம் பிடுங்கினார்களே, ஒரு நாளாவது நம் பக்கம் வரட்டுமே" என்பது மூன்றாவது வாதம். இம்மூன்றையும் நிறுத்துப் பார்ப்பதே இன்று நமது நோக்கம். இது தனி மனிதருடைய அந்தரங்க விவகாரம் என்று ஒதுக்கத் தக்க விஷயமன்று என்பதை அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று தெளிவாகக் காட்டியிருக்கிறது.

2023-ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி, நவம்பர் 10 முதல் 13 முடிய நான்கு நாட்களில், யூகோ பாங்கியின் கணக்குகளில் 820 கோடி ரூபாய் தவறாக வரவாயிற்று. வேறு பாங்கிகளின் வாடிக்கைக்காரர்கள் உடனடிப் பணமாற்று முறையில் அனுப்ப முயன்ற தொகைகள் அவை. அம்முயற்சிகள் நிறைவேறவில்லை, அனுப்பியவர் கணக்கில் ஒரு காசும் குறையவில்லை. ஆயினும் யூகோ பாங்கியின் யந்திரப் பேரேட்டில் மட்டும் வரவு ஏறிவிட்டது. சுமார் 41,000 பேர் இப்படி எதிர்பாராத லக்ஷ்மி கடாக்ஷத்துக்கு ஆளானார்கள். சராசரியாகப் பார்த்தால் தலைக்கு 2 லக்ஷம் ரூபாய். சில தினங்களுக்குள் பாங்கி 649 கோடியை மீட்டுக்கொண்டது. மீதி 171 கோடி அப்போது வெளியே நின்றது. மத்தியப் புலன் விசாரணை இலாகா வழக்குப் பதிவு செய்து, 2024 மார்ச்சில் ராஜஸ்தானிலும் மகாராஷ்டிரத்திலும் பல இடங்களில் சோதனை நடத்தியது. பணம் தம்முடையதன்று என்று தெரிந்தும் பலர் அதைத் திருப்பாமல் எடுத்துக்கொண்டனர் என்பது அந்த இலாகாவின் குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. ஆகையால் எவரையும் குற்றவாளி என்று நாம் சொல்ல வரவில்லை. நாம் கவனிக்க விரும்புவது வேறொன்று. அந்த 41,000 பேர் கொள்ளைக் கூட்டத்தார் அல்லர். பூட்டை உடைத்தவர் அல்லர். நம்மைப் போல் குடும்பம் நடத்தி, வாடகை கொடுத்து, பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள். ஆதலின் அவர்களுக்கு வந்த சோதனை நாளைக்கு நம்மில் எவருக்கும் வரக்கூடும். வந்தால் என்ன செய்வது என்பதை இன்றே தீர்மானித்துக் கொள்வது நல்லது. பணம் கண்முன் வந்து நின்ற பிறகு யோசிக்கத் தொடங்குபவனுக்கு நியாயங்களுக்குக் குறைவிராது.

முதல் வாதத்தை எடுத்துக்கொள்வோம். தவறு பாங்கியினுடையது, உண்மை. ஆனால் ஒருவர் தவறு மற்றொருவருக்குச் சொத்துரிமை ஆகுமா? 1841-லேயே இங்கிலாந்தின் நியாயஸ்தலத்தில், கெல்லி எதிர் ஸொலாரி என்ற வழக்கில், இக்கேள்வி ஆராயப்பட்டது. தவணை கட்டாததால் காலாவதியாகிப் போன ஆயுள் இன்ஷுயூரன்ஸ் ஒன்றுக்கு, அதை மறந்து, கம்பெனியின் டைரக்டர்கள் இறந்தவரின் மனைவியிடம் பணம் கொடுத்து விட்டார்கள். பிறகு திருப்பிக் கேட்டார்கள். கொடுத்தவர் எவ்வளவு கவனக்குறைவாயிருந்தாலும், உண்மையிலேயே மறந்து கொடுத்தாரானால், அக்கவனக்குறைவு பணத்தைத் திரும்பப் பெறத் தடையாகாது என்று நீதிபதிகள் கூறினர். நமது தேசத்தில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவும் தவறுதலாகப் பணம் பெற்றவன் அதைத் திருப்பித் தரவேண்டும் என்றே விதிக்கிறது. அதற்குச் சட்டமே ஓர் உதாரணமும் தருகிறது. இருவர் சேர்ந்து ஒருவருக்கு 100 ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள். ஒருவர் முழுவதையும் தீர்த்து விடுகிறார். அது தெரியாமல் மற்றவர் இன்னொரு 100 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். வாங்கியவர் இரண்டாவது நூறைத் திருப்பித்தான் ஆகவேண்டும். "அவராகத்தானே கொடுத்தார்" என்ற சமாதானம் அங்கே செல்லாது.

இது சிவில் கடமை. இதற்கு அப்பால், பிறருடைய பொருளை அயோக்கியமாகத் தன் உபயோகத்துக்கு மாற்றிக்கொள்பவனை, 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சம்ஹிதையின் 314-ஆவது பிரிவு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு வருஷம் வரை சிறையும் அபராதமும் விதித்துத் தண்டிக்கிறது. "சில நாள் புரட்டிவிட்டுத் திருப்பி விடலாமென்றிருந்தேன்" என்பதும் தப்பிக்க வழியாகாது. தாற்காலிகமாக மாற்றிக்கொள்வதும் குற்றமே என்று சட்டம் விளக்கம் தந்திருக்கிறது.

ஆயினும் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது நமது எண்ணமன்று. சட்டம் ஒரு வேலி, தர்மம் நிலம். வேலி சில சமயம் சாய்ந்தும் போகும். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஸிட்டி பாங்கி, ரெவ்லான் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்களுக்குச் சுமார் 78 லக்ஷம் டாலர் வட்டி அனுப்ப எண்ணி, ஏறக்குறைய 90 கோடி டாலரை அனுப்பிவிட்டது. சிலர் திருப்பினர், சுமார் 50 கோடி டாலரைச் சிலர் பிடித்துக்கொண்டனர். 2021 பிப்ரவரியில் நியூயார்க் நீதிபதி ஒருவர், பெற்றவர்களுக்கு உண்மையாகவே வரவேண்டிய கடன் அது என்ற காரணத்தால், அவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்றார். 2022 செப்டம்பரில் மேல் கோர்ட்டு அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. இரண்டு வருஷத்தில் சட்டம் இரண்டு விடை சொல்லிற்று. ஆனால் முதல் நாளே திருப்பிக் கொடுத்தவர்களுக்கு வக்கீலும் வேண்டியிருக்கவில்லை, தீர்ப்பும் வேண்டியிருக்கவில்லை. தமக்கு வரவேண்டிய கடனையே அவர்கள் திருப்பினார்கள் என்றால், யாதொரு பாத்தியமும் இல்லாத பணத்தைப் பற்றி நாம் தயங்குவதற்கு இடமுண்டா?

இனி இரண்டாவது வாதம்: "கேட்டால் கொடுக்கிறேன்." இதுதான் மிகவும் தந்திரமானது; யோக்கியர்களும் ஏமாறுவது இங்கேதான். கேட்கும் வரை காத்திருப்பவன் கேளாமலிருக்க வேண்டுமென்று உள்ளூர விரும்புகிறான். அவனுடைய மௌனம் வெறும் மௌனமன்று. எதிரியின் அறியாமையைக் காவல் காக்கும் வேலை. தமக்குப் பாதகமாக ஒரு நூறு ரூபாய் குறைந்திருந்தால் அன்றே பாங்கிக்கு ஓடுகிற மனிதர், சாதகமாக ஓராயிரம் கூடியிருந்தால் மாதக்கணக்கில் பாஸ் புஸ்தகத்தைப் புரட்டிப் பாராதிருப்பது எதனால்? இரண்டு பிழைக்கும் ஒரே வேகத்தில் ஓடுகிறவனே நேர்மையுள்ளவன். நமது மொழியில் காசுக்கும் நாணயம் என்று பெயர். நேர்மைக்கும் நாணயம் என்று பெயர். இந்த இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர், ஒன்று போனால் மற்றதற்கு மதிப்பில்லை என்பதை அறிந்தே வழங்கினார்கள் என்று நாம் நினைக்கிறோம்.

மூன்றாவது வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதை மறைப்பது நியாயமாகாது. குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று ஏழைகளின் கணக்கில் பாங்கிகள் அபராதம் பிடித்ததை நாம் மறந்துவிடவில்லை. 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து வருஷங்களில் பொதுத்துறை பாங்கிகள் இவ்வகையில் வசூலித்த தொகை சுமார் 8,500 கோடி ரூபாய் என்று சர்க்காரே பார்லிமெண்டில் தெரிவித்தது. இருப்பு இல்லாதவனிடம் இல்லாமைக்காகவே வசூலிப்பது கொடுமை. அதை எதிர்த்து எழுதுவோம், கூட்டம் கூட்டுவோம், ரிஸர்வ் பாங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் முறையிடுவோம். ஆனால் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகி, தானே தீர்ப்பெழுதி, தானே ரகசியமாக வசூலும் செய்துகொள்வது எதிர்ப்பாகாது. அநீதியை எதிர்ப்பவன் தான் செய்வதைப் பகிரங்கமாகச் செய்வான். சத்தியாக்கிரகத்தின் வழியில் உப்பெடுத்தவர்கள் இரவில் ஒளிந்து எடுக்கவில்லை. வைஸிராய்க்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டு, பட்டப் பகலில் எடுத்தார்கள்.

மேலும், "பாங்கியின் பணம்" என்கிறோமே, அது யாருடைய பணம்? யூகோ பாங்கி 1943-ல் கல்கத்தாவில் இந்திய முதலாளிகளால் ஸ்தாபிக்கப்பட்டது, 1969-ல் தேசியமயமாயிற்று. அதன் நஷ்டம் பொதுஜனங்களின் நஷ்டம். பெரிய தொகைகளை விட்டுச் சிறிய தொகைகளைப் பார்த்தாலும் இதே கதைதான். கல்லாவில் இருக்கும் காசாளர் கை தவறி ஒரு கட்டு நோட்டை அதிகமாகக் கொடுத்துவிட்டால், மாலையில் கணக்கு முடிக்கும்போது விழும் துண்டை அவர் தம் சொந்தப் பணத்தால் நிரப்ப வேண்டியிருப்பது பாங்கிகளில் வழக்கம். வேறு ஒருவர் மகளின் கல்லூரிச் சம்பளத்தை அனுப்புகையில் கணக்கு எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டால், அது முன்பின் தெரியாதவர் கணக்கில் போய்ச் சேரும். எண்ணை மட்டும் பார்த்து வரவு வைக்கும் முறையே நெடுங்காலம் இருந்தது. பெறுபவர் பெயரை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளும் வசதியைப் பாங்கிகள் 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்த வேண்டும் என்று ரிஸர்வ் பாங்கி பிறகுதான் உத்தரவிட்டது. அப்படித் தவறிப்போன பணத்தைப் பெற்றவரின் சம்மதமின்றி எடுத்துத் தரப் பாங்கி சாதாரணமாகத் துணிவதில்லை. ஆக, அந்தத் தகப்பனாரின் பணம் முகமறியாத ஒருவரின் மனச்சாட்சியை நம்பி நிற்கிறது. அந்த முகமறியாதவர் நாமாக இருக்கலாம்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? தமக்குரியதன்று என்று தோன்றும் தொகை கணக்கில் ஏறினால், அதைத் தொடாமல், தாமதியாமல், பாங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அதற்கு அத்தாட்சி பெற்றுக்கொள்ள வேண்டும். டெலிபோனில் எவனோ அழைத்து, "தவறி அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பு" என்று கெஞ்சினால் நேரே அனுப்பிவிடலாகாது. அவ்விதம் ஏமாற்றுவோரும், களவுப் பணத்தைப் பிறர் கணக்கின் வழியே ஓட்டுவோரும் பெருகியிருக்கிறார்கள். திருப்புவதும் பாங்கியின் மூலமே நடக்கட்டும். நேர்மைக்கு அசட்டுத்தனம் துணையாக வேண்டியதில்லை.

பாங்கிகளுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கைக்காரர் மேல் குற்றமில்லாத மோசடி நஷ்டத்தை, அவர் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், பாங்கியே ஏற்க வேண்டும் என்று 2017-ல் ரிஸர்வ் பாங்கி உத்தரவிட்டது. அவ்வுத்தரவை எத்தனை கிளைகள் மனமாரக் கைக்கொண்டன என்பதை அலைந்து திரிந்த ஜனங்கள் அறிவார்கள். தானே வந்து பிழையைச் சொல்லும் மனிதரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்து, கணக்கை முடக்கி, நாலு நாள் நடக்கவிட்டால், அடுத்தவர் வாயைப் பாங்கியே அடைத்து விடுகிறது. உண்மை சொன்னவருக்கு உபசாரம் வேண்டாம், உபத்திரவமாவது இல்லாதிருக்கட்டும்.

1906-ல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அழிந்தது. அந்த அழிவின் மேல்தான், வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்ற பெரியோர்களின் முயற்சியால், 1907-ல் இந்தியன் பாங்கி எழுந்தது. அந்நியரிடம் நம்பி ஏமாந்த ஜனங்கள் தம்மவரிடம் மீண்டும் பணத்தைக் கொண்டுவந்து போட்டார்கள் என்றால், கட்டடத்தைப் பார்த்தா போட்டார்கள்? மனிதர்களின் சொல்லை நம்பிப் போட்டார்கள். பாங்கி என்பது அந்த நம்பிக்கையின் மறு பெயர். அதில் மேஜைக்கு உட்புறம் இருப்பவருக்கு எவ்வளவு பங்கோ, வெளிப்புறம் நிற்பவருக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

பொதுப் பணியில் ஈடுபட்டிருக்கும் நண்பர்களுக்கு இது முக்கியமாகப் பொருந்தும். மந்திரிகளிடம் கணக்குக் கேட்கிறோம். முனிசிபாலிடியிடம் கணக்குக் கேட்கிறோம். கண்டிராக்டர் உண்ட காசுக்குக் கணக்குக் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் ஒருவரும் பாராத இடத்தில், ஒருவரும் கேளாத கணக்கைத் தானே கொண்டுபோய் ஒப்புவிக்கிறவனுடைய கேள்விக்குத்தான் வலிமை உண்டு. சுயராஜ்யம் என்பது பிறர் நம்மை ஆளாதிருப்பது மட்டுமன்று. காவற்காரன் இல்லாத இடத்திலும் நம்மை நாம் ஆளுவதாகும். தவறி வந்த பணம் அந்த ஆட்சிக்கு வரும் ஒரு சிறு பரீக்ஷை. கேட்கும் வரை காத்திராமல், தெரிந்த அன்றே சொல்லிவிடுவது அதில் தேறுவதற்கு உரிய வழி.