கண் கற்றால் போதுமா?

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்று கேலியாகச் சொல்வார்கள். 'ஆயிரம் வேரைக் கொண்டவன்' என்பதே சரி என்பாரும் உண்டு. எது சரியாயினும், புதிதாகக் கத்தி எடுக்கும் மருத்துவர் எங்கே பழகுவது என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. நோயாளியின் உடல் அவருக்கு முதல் பாடப்புத்தகம் ஆகலாமா?

இன்று பல மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் மெய்நிகர்க் கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு பழகுகிறார்கள். இதன் தத்துவம் எளிது. நம் கண்கள் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதால், ஒரே பொருளைச் சற்று வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. இரு பிம்பங்களையும் இணைத்து மூளை ஆழத்தை உணர்கிறது. 1838-ல் சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கிய ஸ்டீரியோஸ்கோப்பின் அடிப்படையும் இதுவே. இக்கருவி ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டுகிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் அதற்கேற்ப மாறுகிறது. மாணவர் அறுவை அரங்கிலேயே நிற்பதாக உணர்கிறார்.

இத்தகைய பயிற்சியால் பயன் உண்டா? 2002-ல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வைப் பாருங்கள். அதில் 16 பயிற்சி மருத்துவர்கள் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்கு மட்டும் மெய்நிகர்ப் பயிற்சி தரப்பட்டது. பின்னர் நோயாளிகளுக்கு அறுவை செய்தபோது, அவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையை 29 சதவீதம் விரைவாக முடித்தனர். அப்பயிற்சி பெறாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் தலையில் எதையும் மாட்டவில்லை. எதிரே கணினித் திரை, கையில் அறுவைக் கருவிகளின் பிடிகள், அவ்வளவுதான். ஆனால் தேர்ந்த மருத்துவரின் திறனளவை எட்டும்வரை திரும்பத் திரும்பப் பழக வேண்டும் என்பது விதி. பலன் தந்தது படத்தின் பகட்டு அல்ல, இந்த விதிதான் என்பது என் கருத்து.

மேலும், கண்ணை ஏமாற்றுவது எளிது. கையை ஏமாற்றுவது கடினம். நொடிக்கு 90 படங்கள் காட்டினால் கண் நம்பிவிடும். கை நம்ப வேண்டுமானால் விசையை நொடிக்கு ஏறத்தாழ 1000 முறை மாற்றியமைக்க வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, திசுவைக் கருவி அழுத்தினால் திசுவும் கருவியை எதிர்த்து அழுத்தும். வெறும் காற்றில் கையசைப்பவருக்கு அந்த எதிர்விசை ஏது? எவ்வளவு இழுத்தால் திசு கிழியும் என்பதை அவர் எப்படி அறிவார்?

ஆகவே, கல்லூரிகள் இக்கருவிகளை வாங்கட்டும். ஆனால் குறித்த தேர்ச்சியை எட்டாத மாணவரை நோயாளியிடம் அனுப்பக் கூடாது. கருவி வந்துவிட்டதென்று, மூத்த மருத்துவரின் அருகில் நின்று பழகும் நேரத்தைக் குறைக்கவும் கூடாது.

மாணவ நண்பர்களே! கண்ணுக்கான கருவி பெரும்பாலும் தயாராகிவிட்டது. கைக்கான கருவி இன்னும் முழுமை பெறவில்லை. அது மருத்துவரால் மட்டும் ஆகிற வேலையல்ல. இயற்பியல் கற்றவரும் சேர வேண்டிய வேலை. உங்களில் சிலர் அதில் முனையலாமே!