சிரிக்காத மனுஷனின் செல்லோ

யானோஷ் ஸ்டார்க்கர் வாசிக்கும் பழைய வீடியோவை யூட்யூபில் முதன்முதலாகப் பார்ப்பவருக்கு ஒரு சந்தேகம் வரும். இந்த மனுஷனை யாராவது மிரட்டி உட்கார வைத்திருக்கிறார்களா? வழுக்கைத் தலை, முறைக்கிற மாதிரி ஒரு பார்வை. முகத்தில் ஈயாடவில்லை. வங்கி கவுண்டரில் கேஷியர் நோட்டு எண்ணுவாரே, கிட்டத்தட்ட அந்த முகம். விரல்கள் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

(செல்லோ தெரியாதவர்களுக்கு: வயலினின் பெரிய அண்ணன். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில் போட்டு வாசிப்பது. மனிதக் குரலுக்கு ரொம்பப் பக்கத்தில் வரும் நாதம்.)

"உணர்ச்சி இல்லாதவர்", "குளிர்ந்து போன வாசிப்பு" என்று விமர்சகர்கள் அவரைக் கடைசிவரை விடவில்லை. அதே காலத்து ரோஸ்ட்ரோபோவிச் உருகி உருகி வாசித்துக் கூட்டத்தை அள்ளினார். அந்த ஒப்பீடு ஸ்டார்க்கரை எப்போதும் துரத்தியது. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு தப்பு என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

1924-ல் புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் மூன்றாவது பையன். ஆறு வயதில் மேடை, ஏழு வயதில் லிஸ்ட் இசைக் கல்லூரி. எட்டு வயதில் மற்ற குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவருக்குப் பன்னிரண்டு வயதில் ஐந்து மாணவர்கள்! பதினாலு வயதில், வாசிக்க வேண்டியவர் வராமல் போக, மூன்று மணி நேர அவகாசத்தில் த்வோர்ஷாக்கின் கான்செர்ட்டோவை வாசித்தார். அப்புறம் போர். வயலின் கலைஞர்களான இரண்டு அண்ணன்மாரையும் கட்டாய உழைப்புக்கு இழுத்துப்போய் நாஜிகள் கொன்றார்கள். சின்னவர் என்பதால் இவர் தப்பினார், ஆனாலும் டான்யூப் நதியின் தீவு ஒன்றில் மூன்று மாதம் முகாமில் கிடந்தார்.

இப்படிப்பட்டவர் மேடையில் கண் கலங்கினால் யார் கேட்கப் போகிறார்கள்? கைதட்டல் இரண்டு மடங்காகியிருக்கும். அந்தச் சரக்கை அவர் விற்கவே இல்லை.

1946-ல் ஹங்கேரியை விட்டு வெளியேறினார். அந்தச் சமயத்தில்தான் வாசிப்பில் நம்பிக்கை ஆட்டம் கண்டது. பறவை பாடுகிறது, எப்படிப் பாடுகிறோம் என்று அதற்குத் தெரியாது. குழந்தை மேதைகளும் அப்படித்தான், ஒருநாள் "இதை எப்படிச் செய்கிறோம்?" என்று கேட்டுக்கொள்ளும்போது பதில் இருக்காது என்பது அவர் கருத்து. தானே அந்த நிலைமைக்கு வந்தவர். தோள் எங்கே இறுகுகிறது, மூச்சு எங்கே நிற்கிறது, வில்லின் பாரம் கையில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று முதலிலிருந்து பிரித்துப் போட்டுப் பார்த்தார். அந்த அசையாத முகம் பாதி இங்கே வந்ததுதான். தேவையில்லாத ஓர் இறுக்கம்கூட உடம்பில் இருக்கக்கூடாது. முகத்தைச் சுளிப்பதும் ஒரு இறுக்கம்தானே?

பலன்? கோடாய் 1915-ல் எழுதிய தனிச் செல்லோ சொனாட்டா. கீழ் இரண்டு தந்திகளையும் அரை சுரம் இறக்கிக் கட்டி வாசிக்க வேண்டிய அசுரத்தனமான படைப்பு. பதினைந்து வயதில் கோடாயிடமே வாசித்துக் காட்டியவர், 1948-ல் அதன் பதிவுக்குப் பிரான்சின் கிராண்ட் பிரி விருதை வாங்கினார். 1950-ல் மறுபடி பதிவு செய்தபோது ஒலிப்பதிவாளர் பீட்டர் பார்டோக், அதாவது பெரிய பார்டோக்கின் மகன். ஹங்கேரிக்காரர்கள் எங்கே போனாலும் ஒன்று சேர்ந்துவிடுவார்கள் போல :-)

அமெரிக்காவிலும் அதே கதை. 1948-ல் டாலஸ் இசைக்குழுவுக்கு அழைத்தவர் கண்டக்டர் அன்டல் டொராட்டி. அடுத்து நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பரா, 1953 முதல் 1958 வரை சிகாகோ, இரண்டிலும் ஃப்ரிட்ஸ் ரைனர். மூவருமே லிஸ்ட் கல்லூரி. ரைனர் கோலை ஓர் அங்குலம் அசைத்தே நூறு பேரை ஆட்டிவைப்பவர், கண்ணால் முறைத்தே வேலை வாங்குபவர். ஸ்டார்க்கருக்கு ஏற்ற முதலாளி!

மேதை என்று பெயர் வாங்கியவர் பத்து வருடம் மாதச் சம்பளத்துக்கு இசைக்குழுவில் உட்கார்ந்ததைச் சிலர் சறுக்கலாகப் பார்க்கிறார்கள். உண்மையில் அவருடைய பலமே அதுதான். மூட் வந்தால் பிரமாதம், வராவிட்டால் சுமார் என்கிற ஆளுக்கு ஓப்பராவில் இடம் கிடையாது. தினமும் இரவு அதே தரம் வேண்டும்.

1958-ல் இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகப் போனார், 2013-ல் 88 வயதில் இறக்கும்வரை அந்த ஊர்தான். ஜப்பானின் சுயோஷி சுட்சுமி முதல் ஜெர்மனியின் மரியா க்லீகல் வரை அங்கே வந்து படித்தார்கள். அழுவதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. தோளைத் தளர்த்துவதைச் சொல்லிக்கொடுக்கலாம். ஐம்பது வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்தார்.

இந்த வழியில் நஷ்டமே இல்லையா என்றால், இருக்கிறது. சில இடங்களில், முக்கியமாக மெதுவான பகுதிகளில், கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஒரே பாக் தொகுப்பை ஐந்து முறை பதிவு செய்து, ஐந்தாவதுக்கு 1998-ல், எழுபத்து மூன்று வயதில், கிராமி வாங்கியவரை அக்கறை இல்லாதவர் என்று எப்படிச் சொல்வது?

சந்தேகம் தீராதவர்கள் அந்த 1950 கோடாய் பதிவைத் தேடிப் பிடியுங்கள். வீடியோ வேண்டாம், ஒலி மட்டும். முதல் வில் வீச்சில் நாலு தந்தியும் சேர்ந்து உறுமும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் ஞாபகம் வராது.